முறைக்கு வந்த நெருப்பு

எங்கள் ஊருக்கு நெருப்பு வந்தது ஒரு மாசி மாதத்தில். யாரும் வைக்கவில்லை, எங்கிருந்தும் பொறி பறந்து வரவில்லை. கூப்பிட்டோம், வந்தது.

பென்னாகரத்துக்கு மேற்கே மேட்டு நிலத்தில் ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற ஊர் எங்களுடையது. தெரு முடிகிற இடத்தில் வேடியப்பன் கோயில், சுற்றிலும் மல்பெரித் தோட்டம், அதற்கு அப்பால் காடு. அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் மஞ்சம்புல் கூரைதான், வீட்டை ஒட்டியிருந்த புழுக்கொட்டாய்க்கும் அதே புல்தான், ஏனென்றால் பட்டுப்புழு சூடு தாங்காது, புகை தாங்காது, பீடி குடித்த கையால் இலை போட்டால்கூடச் சுருண்டுவிடும், புல்லுக்குக் கீழே இருக்கிற குளிர்ச்சியில்தான் அது வயிறாரத் தின்னும். கொட்டாய் நிறைய புழு ஒன்றாக இலை தின்கிற சத்தம் கூரைமேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும், அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் தூங்கிப் பழகினார்கள்.

ஊரில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. வீடு வாசல் இல்லாமல் வருகிறவர் யாராக இருந்தாலும், கூத்தாடியோ, ஈயம் பூசுகிறவரோ, மாற்றலாகி வந்த வாத்தியாரோ, அவருக்கு முறை வைத்து இடமும் சோறும் கொடுப்போம். அமாவாசைக்கு அமாவாசை அவர் அடுத்த வீட்டுக்குப் போவார், முறை வந்த வீட்டார் முடியாது என்று சொல்லமாட்டார்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி உப்போ, நாலு மிளகாயோ, முருங்கைக் கீரையோ போட்டுத்தான் கொடுப்போம், போட்டுக் கொடுத்ததை வேண்டாம் என்று எந்த வீடும் சொல்லாது. இந்த இரண்டும் எப்போது வந்தன என்று யாருக்கும் தெரியாது. மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இருசாயி பெங்களூரிலிருந்து திரும்பி வந்து சில வருடம் ஆகியிருந்தது. அங்கே கட்டட வேலைக்குப் போன இடத்தில் அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான், அவள் அன்றைக்கும் கீழே நின்று செங்கல் தூக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய தூக்குவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவள், காட்டுக்குப் போய்த் தன் கையால் புல் அறுத்து, தன் கையால் மண் குழைத்து, ஒரு புழுக்கொட்டாய் கட்டினாள். அந்தப் பக்கம் இனி போகமாட்டேன், அந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கமாட்டேன் என்று என் மனைவி பச்சியம்மாளிடம் சொல்லியிருந்தாள். ஆகவே பக்கத்து ஊரில் ஒரு கொட்டாய் எரிந்து, அந்தக் குடும்பம் கதவைச் சாத்திவிட்டு ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது, எல்லாரும் உச்சுக் கொட்டினோம், இருசாயி மட்டும் டவுனுக்குப் போய் இன்சூரன்ஸ் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஞானவரதன் என்று அவருக்குப் பெயர். நல்ல மனிதர், மோர் கொடுத்தால் நின்று குடிப்பார். தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்து, கோயில் வாசலில் உட்கார்ந்து விவரம் சொன்னார். மாட்டுக்கு உண்டு, புழுவுக்கு உண்டு, மனிதனின் கைக்கும் காலுக்கும் தனித்தனியாக உண்டு, ஆனால் புல் வேய்ந்த கட்டடத்துக்குக் கம்பெனி பொறுப்பு எடுத்துக்கொள்ளாது, ஓடோ ஷீட்டோ போட்டால் மறுநாளே எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஷீட்டுக்குக் கீழே புழு வெந்துபோகுமே என்று இருசாயி கேட்டாள். அது கம்பெனிக்குத் தெரியாதம்மா, கம்பெனிக்குப் புல் என்றால் நெருப்புதான் என்றார்.

"சரி, நெருப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

சென்றாயன் மாமா அங்கே இருந்தார். ஊரில் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பது அவர் வேலை.

"வரச்சொல்லுங்க சார். வந்தா முறை வெச்சுக்கறோம். முதல் முறை என் வீடு."

ஆபீசரும் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், இருசாயிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் சென்றாயன் மாமா வீட்டு முகட்டில் நெருப்பு உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் உயரம், அகல் விளக்கின் சுடர்போல நுனி கூராக, காற்று ஒரு பக்கம் அடித்தால் தான் வேறு பக்கம் சாய்ந்துகொண்டு, ஒரு புல்லைக்கூடக் கருக்காமல். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தோளில் ஈரம் பட்ட மனிதர் ஒதுங்குகிற மாதிரி அது முகட்டோரமாக நகர்ந்து உட்கார்ந்தது. சாணிக் கரைசல் ஊற்றினார்கள். திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தது. மத்தியானம்வரை ஊரே கூடி நின்று பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாகிவிட்டது என்று கலைந்து போனோம். சென்றாயன் மாமாவின் மனைவி குப்பம்மாள் மட்டும், கூப்பிட்ட வாய்க்குச் சோறு கிடையாது என்று அவரைத் திட்டிக்கொண்டே உலையை வாசலுக்கு மாற்றினாள்.

அமாவாசையன்று அது அடுத்த வீட்டுக்குப் போனது. இரண்டு கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒரே எட்டில் தாண்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகம் இல்லை, முறைக்கு வந்திருக்கிறது, முறை தெரிந்த நெருப்பு என்று ஆகிவிட்டது. பெயர் வைக்கப் பயந்து 'வந்தவர்' என்றுதான் சொல்வோம். வந்தவர் யார் வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தானாக ஒரு பழக்கம் வந்தது, ஒரே கூரையில் இரண்டு நெருப்பு ஆகாது என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். மற்ற வீடுகள் சோறு அனுப்பின, பாத்திரங்கள் உப்போடும் மிளகாயோடும் திரும்பிப் போயின. வாசலில் ஒரு தவலை நிறைய தண்ணீர் எந்நேரமும் இருந்தது. வௌவால்கள் ஊரை விட்டுப் போயின. கல்யாணம் பேச வந்த வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து, அது என்ன என்று கேட்டு, விருந்தாளி என்று நாங்கள் சொன்னதும், இலையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு சேதி அனுப்பாமல் இருந்தார்கள். அவ்வளவுதான் நஷ்டம். எல்லார் தலைக்கு மேலும் கொஞ்ச நாள், பிறகு மறுபடி முறை வரும்வரை இல்லை என்றால், எதையும் தாங்கிக்கொள்ள முடிகிறது.

இருசாயியின் முறை வந்தபோது அவள் கொட்டாயில் புழுக்கள் எல்லாம் இலையை விட்டுத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தன. ஒரு நாள் முழுக்க இலை தின்கிற சத்தம் இல்லை. அவளும் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். மறுநாள் தின்ன ஆரம்பித்தன. அந்தத் தடவை கட்டிய கூடுகள் கையில் எடுத்தால் முட்டைபோல வெதுவெதுப்பாக இருந்தன. தருமபுரிச் சந்தையில் ஏலம் எடுத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஞானவரதன் திரும்பி வந்து நெடுநேரம் அண்ணாந்து நின்றார். ஏற்கெனவே நெருப்பு இருக்கிற இடத்துக்கு எழுத வழியில்லை என்றார். எரியாத நெருப்புதானே என்று நாங்கள் சொன்னதற்கு, எரியாவிட்டால் நஷ்டம் இல்லை, நஷ்டம் இல்லாததற்கும் எழுத வழியில்லை என்றார். மோரைக் குடித்துவிட்டு, யோசித்துப் பாருங்கள், ஓடு, ஷீட், மறுநாளே எழுதலாம் என்று முன்பு சொன்னதையே சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஷீட் போட்டது மாதேசன். புழுவை விட்டுவிட்டுக் கறவை மாடு வாங்கினான். கம்பெனி கொடுத்த நீல அட்டையை நிலைப்படிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினான். அவன் முறை வந்த அமாவாசையில் வந்தவர் எழுந்து, தாண்டி, ஷீட்டின்மேல் கால் வைத்து, வழுக்கிய மாதிரி ஒரு தடுமாற்றம் தடுமாறி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி உட்கார்ந்துகொண்டார். மாதேசன் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தான், தன் முறைக்கு ஈடாக அந்த வீட்டுக்குப் பெரிய அண்டா நிறையச் சோறு கொடுத்து அனுப்பினான்.

பிறகு ஒவ்வொருவராகப் போட்டோம். கோவிந்தன் போட்டான், மாமனார் வீட்டு உதவியில் சின்னப்பையன் ஓடு போட்டான், ஓசூரில் வேலை பார்க்கிற மகன் வந்து சென்றாயன் மாமா வீட்டுக்குப் போட்டான், எங்கள் வீட்டுக்கும் நான் போட்டேன். நீல அட்டைகள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. போட்ட அன்றைக்கு வீட்டுக்குள் ஒரு நிம்மதி இருக்கும், இடி மாதிரி மழைச் சத்தமும் உச்சிவெயிலில் அடுப்படிபோன்ற சூடும் அந்த நிம்மதிக்கு முன்னால் பெரிதாகத் தெரியாது. ஆனால் போகிற இடம் குறையக் குறைய வந்தவர் இருக்கிற இடத்தில் இருக்கிற நாள் கூடியது, இருக்கிற நாள் கூடக்கூட வளர்ந்தார். ஒரு சாண் ஒரு முழமானது. முழம் இடுப்புயரமானது. கடைசியில் புல்கூரை என்று இருந்தது இருசாயியின் வீடும் கொட்டாயும்தான், இரண்டுக்கும் ஒரே முகடு, அதன்மேல் வந்தவர் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றார், உட்காரவில்லை. அவருடைய வெளிச்சம் எங்கள் ஷீட்டுகளில் எல்லாம் பட்டு மின்னியது. அப்போதும் ஒரு புல் கருகவில்லை. ஆனால் கொட்டாய்க்குள் ஈரச்சாக்கு தொங்கவிட்டால்தான் புழு இருக்கும் என்ற அளவுக்குச் சூடு இறங்க ஆரம்பித்திருந்தது.

அவளும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தட்டுப் புழுவை மாதேசன் வீட்டு ஷீட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். பொழுது சாயும்முன் கருத்து நீராகிவிட்டன. பிறகு கோயிலில் ஊரைக் கூட்டினாள். அவள் கூட்டி ஊர் கூடியது அந்த ஒரு தடவைதான்.

முறை என்றால் எல்லாருக்கும் முறை என்றாள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையே, அவர்தானே எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்றான் கோவிந்தன். ஒருவர் சொன்னதும் எல்லாரும் அதையே சொன்னார்கள், கூப்பிட்டால் வருவாரா என்று கோயிலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டும் காட்டினார்கள். கொட்டாயை விட்டுவிட்டு எங்கேயாவது போய்ப் பிழைக்கலாமே என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

"எங்க போறது?" என்று இருசாயி கேட்டாள். "அந்த ஊருக்கா? அங்க போயி யாரு மேல இருந்து விழறதைப் பார்க்கச் சொல்றீங்க?"

கடைசியில் மாதேசன் எழுந்து, இனி நீ அடுப்பு மூட்டவே வேண்டாம், தினமும் ஊர்ச்சோறு உன் வீட்டுக்கு வரும், ஒரு வீடு தவறாது என்றான். எல்லாருக்கும் மனசு லேசானது. அன்றிலிருந்து எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரம் போனது, களி, கீரைக் குழம்பு, விசேஷ நாளில் கறி. ஒருத்தி தின்னவே முடியாத அளவு போனது. பாத்திரங்கள் திரும்பி வரவில்லை. அவள் கழுவி, சுவரோரமாக வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். திரும்பவில்லையே என்று யாரும் கேட்கவில்லை, கேட்க ஒரு மாதிரி இருந்தது, வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டோம்.

என் மனைவி ஒரு நாள் சோறு கொடுத்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் போடற மாதிரி போடறோம்," என்றாள்.

சித்திரை மாதம் பிறந்தது. ஞானவரதன் வந்து நீல அட்டைகளைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்து கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றார். இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் எழுதியாகிவிட்டதா சார் என்று இருசாயி கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியென்றால் என் வீட்டுக்கு என்று கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குல இந்த வீடு இல்லம்மா. எரிஞ்சாலும் எரியாட்டியும், கம்பெனிக்கு இங்க ஒரு வீடு இல்ல."

அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். அவர் முதல் தடவையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரை அமாவாசைக்கு முன்புதான் அவளுடைய புழுக்கள் பழுத்துக் கூடு கட்டத் தயாராயின. பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் மூங்கில் தட்டியில் விட்டுவிட்டால் பிறகு அசைக்கக்கூடாது, அசைத்தால் நூல் அறுந்துபோகும். அவளும் எங்கும் போக முடியாது, புழுவும் எங்கும் போக முடியாது. வந்தவர் முகட்டில் நின்று கீழே குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தார். புல்லின் நுனி முதல் தடவையாகப் பழுப்பேறியிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அமாவாசைக்கு முதல் நாள் தூரத்து வயலில் இருந்தவர்கள்கூடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, அவரவர் வாசலில் நின்று, எதற்கு நிற்கிறோம் என்று சொல்லாமல் நின்றார்கள்.

அமாவாசையன்று காலை வெயிலிலேயே இருசாயி ஏணி வைத்துத் தன் கூரையில் ஏறினாள். வந்தவரின் காலடிக்குப் பக்கத்திலிருந்து பிடி பிடியாகப் புல்லை உருவினாள். கீழே இறங்கி, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி புல் வைத்தாள். முதலில் மாதேசன் வீட்டு அண்டா. தலையில் தூக்கி வந்து அவன் வாசலில் இறக்கினாள்.

"அண்ணா, உங்க பாத்திரம். வெறுமையாக் கொடுக்கக்கூடாதில்ல, அதான்."

மாதேசன் அண்டாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முகட்டைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லும் வார்த்தை அவன் வாய்வரை வந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவன் அம்மா காலத்திலிருந்து, அவன் பாட்டன் காலத்திலிருந்து, அந்தத் தெருவில் யாரும் அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அண்டாவை உள்ளே எடுத்துக்கொண்டு போனான்.

அப்படியே தெரு முழுக்க நடந்தாள். சென்றாயன் மாமாவுக்கு ஒரு குண்டான், கோவிந்தனுக்கு ஒரு சட்டி, சின்னப்பையன் வீட்டுக்கு ஒரு தூக்கு. எங்கள் வீட்டுக்கு ஒரு பித்தளைச் சொம்பு. என் மனைவி இரண்டு கையாலும் வாங்கினாள், வாங்கி அதில் இருந்ததை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயந்தரத்துக்குள் இருசாயியின் கூரையில் அங்கங்கே மூங்கில் தெரிந்தது. முகட்டில் மட்டும் ஒரு பிடி புல் விட்டு வைத்திருந்தாள், அதன்மேல் ஓர் ஆள் உயர நெருப்பு ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி நின்று, தெருவை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பார்த்தது.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. புல் இருக்கிற இடத்துக்கு அவர் வருவார். புல் இப்போது எங்கள் அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் படுக்கிற இடத்தில் இருந்தது. தெருவில் எறிந்தால் வாங்கியதை எறிந்ததாகும். சென்றாயன் மாமா தன் வீட்டு வாசலில் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேடிக்கை வார்த்தையும் இல்லாமல், அழுதுவிடுகிறவர் மாதிரி நின்றார்.

"என்னங்க, ஏறுங்க," என்றாள் என் மனைவி.

நான் ஏறினேன். ஷீட்டின் முகட்டில் அந்தப் பிடிப் புல்லை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை வைத்து இறங்கினேன். ஷீட் காலைச் சுட்டது. திரும்பிப் பார்த்தால் சென்றாயன் மாமா அந்த வயதில் ஏறிக்கொண்டிருந்தார், குப்பம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல என்றாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஏணி ஏறியது, சிலர் வெட்கத்தில், சிலர் பயத்தில், மாதேசன் கடைசியாக.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தவர் எழுந்தார். இந்தத் தடவை தாண்டவில்லை. சோற்றுருண்டையைப் பிட்டுப் போடுகிற மாதிரி, தன்னையே பிட்டுப் பிட்டுத் தெரு முழுக்க வைத்துக்கொண்டு போனார். மல்பெரித் தோட்டத்திலிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம் வைத்த மாதிரி இருந்தது என்று சொன்னார்கள், ஒவ்வொரு கூரையிலும் ஒரு சாண் உயரம், முதலில் வந்தபோது இருந்த உயரம், இருசாயியின் முகட்டிலும் அதே ஒரு சாண். அன்று ராத்திரி யாரும் அடுப்பு மூட்டவில்லை. இருசாயியின் கொட்டாயில், வானம் தெரிகிற கூரைக்குக் கீழே அவள் பழைய சேலைகளைக் கட்டியிருந்தாள், புழுக்கள் கூடு கட்டி முடித்தன.

மறுவாரம் ஊர் காட்டுக்குப் போய்ப் புல் அறுத்து அவள் கூரையை வேய்ந்து கொடுத்தது. அதற்கு மறுவாரம் ஞானவரதன் வந்து, ஒவ்வொரு வீடாக அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு நீல அட்டையாகக் கழற்றினார். ஆணியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். எங்கள் வாசலில் நின்று, நீங்களே ஏன் தூக்கி வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டார்; முறை சார் என்று என் மனைவி உள்ளிருந்து பதில் சொன்னாள்.

வருடங்கள் போய்விட்டன. ஒரு சாண் நெருப்போடு பழகிவிட்டோம், அடுப்பை வாசலுக்கு மாற்றிக்கொண்டோம். தையில் அவரவர் வீட்டுப் பிடிப் புல்லை அவரவர் மாற்றுகிறோம். ஆனால் அந்தச் சித்திரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் நல்ல ஏணியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், புல் மாற்றத்தான் என்று சொல்கிறார்கள். மாற்ற ஏறுகிற ஏணியிலேயே புல்லை அடியோடு எடுக்கவும் ஏறலாம். எடுக்கிற வீட்டு நெருப்பு மற்ற வீடுகளுக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஏணி கிடையாது, இருந்ததை என் மனைவி உயிரோடிருந்தபோதே வெட்டி விறகாக்கிவிட்டாள், அவள் போன பிறகும் நான் வாங்கவில்லை. தை மாதம் இருசாயி வீட்டு ஏணியைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

மாதேசன் வீட்டு ஏணி சுவரோரம் படுத்தே கிடக்கும். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அது நிமிர்ந்து நின்றது. அவன் மகன் டவுனிலிருந்து வந்திருக்கிறான், யாரோ ஒரு புது ஆபீசரோடு பேசிக்கொண்டிருந்தான் என்று கேள்வி. இன்று காலையில் எங்கள் கூரையைப் பார்த்தேன். நெருப்பு ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது. கண் மங்கிவிட்டதா என்று வெயில் ஏறும்வரை காத்திருந்து திரும்பவும் பார்த்தேன்.

இருசாயியிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் வாசலில் நின்று தன் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இலை போட்டிருக்கிறாள், தட்டெல்லாம் பச்சையாக இருக்கிறது. கொட்டாய்க்குள் இலை தின்கிற சத்தமே இல்லை.